மூச்சு நல்லா இருக்கிற நாள்லயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ: நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, இழுப்பு வந்தா என்ன செய்யணும்னு நம்ம திருவண்ணாமலையில எல்லாருக்கும் அத்துப்படி. நடு ராத்திரியானாலும் ஆட்டோ பிடிச்சு ஓடுவோம். நெபுலைசர் வைப்பாங்க, ஊசி போடுவாங்க. மூச்சு கொஞ்சம் அடங்கினதும் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துடுவோம். அடுத்த இழுப்பு வர்ற வரைக்கும் அதைப் பத்தி யாரும் பேசுறதில்ல. உன் வீட்டுல மாமனாரோ, அத்தையோ, அப்பாவோ இப்படியே வருஷக்கணக்கா ஓடிக்கிட்டு இருந்தா, இந்த அக்கா சொல்றதைக் கேளு. இந்த நோய்க்கு உண்மையான வைத்தியம் ரெண்டு இழுப்புக்கு நடுவுல, அவங்க நல்லாப் பேசிக்கிட்டு இருக்கிற பகல்ல நடக்கணும். அதுல பெரும்பகுதியை உன் வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே (பி.எச்.சி.) நடத்திக்கலாம்.

முதல்ல நோயைத் தெரிஞ்சுக்கோ

சீட்டுல டாக்டர் சி.ஓ.பி.டி.ன்னு எழுதுவாங்க. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்னு அர்த்தம். மூச்சுக்குழாய் வீங்கிக் குறுகி, சளி கட்டி, நுரையீரல்ல இருக்கிற சின்னச் சின்ன காத்துப் பைகள் சிதைஞ்சுபோகும். உள்ளே இழுத்த காத்து முழுசா வெளியே வராது. அதனாலதான் கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குது. ஆஸ்துமா பெரும்பாலும் சின்ன வயசுல ஆரம்பிச்சு வந்து வந்து போகும். இது நாற்பது வயசுக்கு மேல மெதுவா ஏறும். சேதமான இடம் பழையபடி ஆகாது. ஆனா இருக்கிற மூச்சைக் காப்பாத்தலாம், அடிக்கடி வர்ற இழுப்பைக் குறைக்கலாம், நல்லா நடமாட வைக்கலாம்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல மட்டும் இந்த நோயால சுமார் 35 லட்சம் பேர் இறந்திருக்காங்க. எழுபது வயசுக்குள்ள இறந்தவங்கள்ல கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது பேர் நம்ம நாடு மாதிரி வருமானம் குறைஞ்ச, நடுத்தர வருமான நாடுகள்ல இருந்தவங்க.

"பீடி குடிக்கிறவங்களுக்குத்தானே இது வரும்"னு நினைச்சு வீட்டுப் பொம்பளைங்களை விட்டுடாதே. ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் திருவள்ளூர் மாவட்டத்துல 45 கிராமங்கள்ல, பீடி சிகரெட்டே தொடாத, முப்பது வயசு தாண்டின 900 பெண்களைப் பரிசோதிச்சாங்க. 2011-ல வெளியான அந்த ஆய்வுல நூத்துக்கு ரெண்டு பேருக்கு மேலயே இந்த நோய் இருந்தது. அவங்க வாழ்நாள் முழுக்க சுவாசிச்ச விறகடுப்புப் புகையைத்தான் அந்த ஆய்வு முக்கியமாப் பார்த்தது. ஜவ்வாது மலைப் பக்கமும், நம்ம சுத்துவட்டார கிராமங்கள்லயும் இன்னைக்கும் விறகுல சமைக்கிற வீடு இருக்கு. அதோட நெல் அடிக்கிற தூசி, அரிசி மில் தூசி, மல்லாட்டை உடைக்கிற புழுதி, கல் உடைக்கிற இடத்துப் பொடி எல்லாம் சேரும். முன்னாடி காசநோய் வந்து குணமானவங்களுக்கும் நுரையீரல்ல தழும்பு நின்னு, இதே மாதிரி மூச்சு வாங்கும்.

1. நல்ல நாள் ஒண்ணைப் பார்த்துக் கிளம்பு

இழுப்போட போற அன்னைக்கு டாக்டருக்கு மூச்சை இறக்கத்தான் நேரம் இருக்கும். அதனால அவங்க திடமா இருக்கிற நாள்ல பி.எச்.சி.க்குக் கூட்டிப் போ. கையில இதெல்லாம் இருக்கட்டும்: பழைய ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, இப்ப எடுத்துக்கிற எல்லா மருந்தும். எல்லாம்னா எல்லாம்தான். கண் நீர் அழுத்தத்துக்குப் போடற சொட்டு மருந்தையும் எடுத்துப் போ. அதுல டிமோலால்னு ஒரு மருந்து இருந்தா அது மூச்சுக்குழாயைச் சுருக்கும், டாக்டருக்குத் தெரியணும். நாட்டு மருந்துன்னு பேர் போடாத பொடி ஏதாவது சாப்பிட்டா அதையும் மறைக்காதே.

ஒரு தாள்ல எழுதிக்கோ: எத்தனை வருஷம் பீடி, எத்தனை வருஷம் விறகடுப்பு, என்ன வேலை, காசநோய் வந்ததா, போன வருஷத்துல எத்தனை தடவை இழுப்பு வந்து ஓடினோம். இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். வருஷத்துக்கு ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ இழுப்பு வந்தாலும், ஒரு தடவை அட்மிட் ஆகியிருந்தாலும், தினசரி மருந்தை மாத்தணுமான்னு டாக்டர் யோசிப்பாங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா முதல்ல சளிப் பரிசோதனை கேளு. காசநோய் இல்லைன்னு உறுதி பண்ணிட்டுத்தான் அடுத்தது.

2. ஊதிப் பார்க்கிற டெஸ்ட் ஒரு தடவையாவது எடுக்கணும்

எக்ஸ்ரேயை வெச்சு மட்டும் இந்த நோயை உறுதியாச் சொல்ல முடியாது. ஸ்பைரோமெட்ரின்னு ஒரு பரிசோதனை இருக்கு. முழு மூச்சு இழுத்து, ஒரு குழாய்க்குள்ள வேகமா, கடைசி வரைக்கும் ஊதணும். மூச்சுக்குழாயைத் திறக்கிற மருந்தை பம்ப் (இன்ஹேலர்) வழியா பஃப்பாக் கொடுத்துட்டு மறுபடி ஊத வைப்பாங்க. முழுசா வெளியே வந்த காத்துல முதல் ஒரு செகண்டுல வந்தது எவ்வளவுன்னு பார்ப்பாங்க. பஃப் கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தா அடைப்பு இருக்குன்னு முடிவு.

இந்த மெஷின் எல்லா பி.எச்.சி.யிலயும் இருக்காது. அதனால "எங்க அப்பாவை ஊதிப் பார்க்கிற டெஸ்டுக்கு அனுப்பி வைங்க"ன்னு பி.எச்.சி. டாக்டர்கிட்ட ரெஃபரல் சீட்டு கேட்டு வாங்கிக்கிட்டு, நம்ம அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போ. ரிசல்ட் வந்ததும் அதை பி.எச்.சி.க்கே திரும்பக் கொண்டுவந்து காட்டு. பெரிய ஆஸ்பத்திரி நோயைக் கண்டுபிடிச்சுச் சொல்லட்டும். மாசாமாசம் பார்த்துக்கிறது பக்கத்துல இருக்கிறவங்களா இருக்கட்டும்.

3. பம்ப் பிடிக்கிற விதத்தை சிஸ்டர் முன்னாடி செஞ்சு காட்டச் சொல்லு

மருந்து சரியா இருந்தும் கேட்கலைன்னா, பம்பைத் தப்பாப் பிடிக்கிறாங்களோன்னுதான் முதல்ல பார்க்கணும். மருந்து நாக்குலயும் தொண்டையிலயும் ஒட்டிக்கிட்டா நுரையீரலுக்கு என்ன போகும்? ஒவ்வொரு தடவை பி.எச்.சி. போகும்போதும் பம்பையும் எடுத்துப் போய், சிஸ்டரோ டாக்டரோ பார்க்க ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்லு.

அமுக்குற பம்பா இருந்தா, பம்புக்கும் வாய்க்கும் நடுவுல வைக்கிற ஸ்பேசர் குழாயோட எடுத்துக்கிறது நல்லது. பம்பை நல்லாக் குலுக்கணும். மூச்சை வெளியே விட்டுட்டு, ஸ்பேசர் வாயை உதட்டால இறுக்கிப் பிடிக்கணும். ஒரே ஒரு தடவை அமுக்கி, மெதுவா, ஆழமா இழுக்கணும். பத்து எண்ணுற வரைக்கும் மூச்சை அடக்கணும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிஷமாவது விட்டு, மறுபடி குலுக்கணும். ரெண்டு பஃப்பைச் சேர்த்து அமுக்கக் கூடாது.

கேப்ஸ்யூல் போட்டு இழுக்கிற ரோட்டாஹேலருக்கு விதம் வேற. அதை வேகமா, பலமா இழுக்கணும். அதுக்குள்ள மூச்சை விடக் கூடாது, ஈரம் பட்டா பொடி கட்டிப் போகும். இழுத்த பிறகு திறந்து பார், பொடி மிச்சம் இருந்தா இன்னொரு தடவை இழுக்கணும். அந்த கேப்ஸ்யூலைத் தண்ணி ஊத்தி முழுங்குறவங்களும் இருக்காங்க. பெரியவங்களுக்குப் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடு.

ஸ்பேசரை வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணியில அலசி, துணியால தேய்க்காம அப்படியே காத்துல உலர விடு. ஸ்பேசரே கிடைக்கலைன்னா தளர்ந்து போகாதே. தென்னாப்பிரிக்காவுல கேப்டவுன்ல ஹீதர் ஸார்ங்கிற டாக்டரோட குழு, ஆஸ்துமா இழுப்போட வந்த குழந்தைகளுக்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் அடியில ஓட்டை போட்டு பம்பைப் பொருத்திக் கொடுத்தாங்க. கடையில வாங்கின ஸ்பேசர் மாதிரியே அது வேலை செஞ்சதுன்னு 1999-ல எழுதினாங்க. சிஸ்டர்கிட்ட கேட்டு, அவங்க காட்டின மாதிரி செஞ்சுக்கலாம்.

4. தினசரி மருந்து வேற, அவசர மருந்து வேற

ரெண்டு பம்ப் கொடுத்திருந்தா ரெண்டுலயும் ஸ்டிக்கர் ஒட்டு. ஒண்ணுல "தினமும்"னு எழுது, இன்னொண்ணுல "மூச்சு முட்டும்போது"ன்னு எழுது. சால்பூட்டமால் மாதிரி உடனே குழாயைத் திறக்கிற மருந்தையே நாள் பூரா அடிச்சுக்கிட்டு, தினசரி பம்பை "நல்லாத்தானே இருக்கேன்"னு நிறுத்திடறவங்க நிறைய. நல்லா இருக்கிறதே அந்த தினசரி பம்பாலதான்னு பொறுமையா எடுத்துச் சொல்லு. ஸ்டீராய்டு கலந்த பம்ப்னா எடுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பணும், இல்லைன்னா நாக்குல வெள்ளைப் பூஞ்சை படியும்.

பம்புல எத்தனை பஃப் இருக்குன்னு டப்பாவைப் பாரு. 200 பஃப்னு வெச்சுக்கோ. காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டுன்னா 50 நாள்ல தீர்ந்துடும். ஆரம்பிச்ச தேதியை டப்பா மேல எழுதி வெச்சா, தீர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அடுத்தது வாங்கிடலாம். மருந்து தீர்ந்த பிறகும் காத்து மட்டும் புஸ்ஸுன்னு வரும். குலுக்கிப் பார்த்து ஏமாறாதே.

பம்ப் பழகினா விட முடியாதுன்னு அக்கம்பக்கத்துல சொல்லுவாங்க, நம்பாதே. மருந்து நேரா நுரையீரலுக்குப் போறதால மாத்திரையையும் ஊசியையும் விடக் கொஞ்சம் அளவே போதும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஊசியும் ஸ்டீராய்டு மாத்திரையும் கேட்டு வாங்குறதுதான் எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும்.

5. வீட்டுக்குள்ள புகையை நிறுத்து

சிலிண்டர் இருந்தும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு மூட்டினா, அந்த அடுப்பை வெளியே, காத்தோட்டத்துல வை. நோய் உள்ளவங்க அங்கே நிக்க வேண்டாம். அடைச்ச ரூம்ல கொசுவர்த்திச் சுருள் கொளுத்தாதே. ஒரு சுருள் விடற நுண்துகள் 75-லிருந்து 137 சிகரெட்டுக்குச் சமம்னு 2003-ல வெளியான ஓர் ஆய்வு சொன்னது. கொசுவலை கட்டு. சாம்பிராணியும் ஊதுவத்தியும் கற்பூரமும் அவங்க படுக்கிற ரூம்ல வேண்டாம், சாமிக்கு நல்லெண்ணெய் விளக்கு போதும்.

பீடியை விடச் சொல்லி வீட்டுப் பெரியவரை எல்லார் முன்னாடியும் திட்டாதே. 1800 11 2356-ங்கிற இலவச எண்ல புகையிலையை விடறதுக்கு வழி சொல்லுவாங்க. நீயே போன் போட்டு அவர் கையில கொடு. எந்த வயசுல விட்டாலும் நுரையீரல் கெடற வேகம் குறையும்.

6. கிரிவலப் பாதையை நடைப்பயிற்சிக்கு எடுத்துக்கோ

மூச்சு வாங்குதுன்னு உட்கார்ந்தே இருந்தா கால் சதை தளரும். சதை தளர்ந்தா இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கும். இந்த நோய்க்கு மருந்துக்கு அடுத்தபடி நடைதான் பெரிய வைத்தியம். நம்ம ஊர்ல அதுக்கு மலையைச் சுத்தி நடைபாதை போட்ட கிரிவலப் பாதையே இருக்கு. பௌர்ணமி கூட்டத்துல போக வேண்டாம். சாதாரண நாள்ல, பனி விலகின பிறகு போகலாம்.

பதினாலு கிலோமீட்டரையும் சுத்தணும்னு இல்ல. டாக்டர்கிட்ட கேட்டுட்டு முதல் வாரம் அஞ்சு பத்து நிமிஷம், அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, வாரத்துல அஞ்சு நாள் இருபது முப்பது நிமிஷத்துக்குக் கொண்டு வா. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியாத அளவு மூச்சு வாங்கலாம். அதுதான் சரியான வேகம். ஒரு லிங்கத்துலேர்ந்து அடுத்த லிங்கம் வரைக்கும்னு இலக்கு வெச்சா பெரியவங்க ஆசையா நடப்பாங்க. அவசர பம்ப் சட்டைப் பையில இருக்கணும்.

மூச்சு முட்டினா உட்கார்ந்து, முன்னாடி சாய்ஞ்சு, கையை முட்டி மேல ஊனச் சொல்லு. மூக்கால ரெண்டு எண்ணி இழுத்து, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவிச்சு நாலு எண்ணி விடச் சொல்லு. வீட்டுல தினமும் பழகினாத்தான் முட்டுற நேரத்துல கை கொடுக்கும்.

7. தீபத்தை மாடியிலேர்ந்து கும்பிடலாம்

கார்த்திகை மாசம்னா பனி, கூட்டம், புகை மூணும் ஒண்ணாச் சேரும். சளிக்காய்ச்சல் தொத்திக்கிற காலமும் அதுதான். மலை மேல ஏத்துற மகா தீபம் பதினோரு நாள் எரியுது, ஊர் முழுக்கத் தெரியுது. மாடியிலேர்ந்து கும்பிட்டா அண்ணாமலையார் ஏத்துக்க மாட்டாரா? கோயிலுக்குப் போகணும்னா திருவிழா முடிஞ்சு கூட்டம் குறைஞ்ச நாள்ல, மாஸ்க் போட்டுக் கூட்டிப் போ. தீபாவளி ராத்திரியும் போகி விடியலும் ஜன்னலைச் சாத்தி உள்ளே உட்கார வை.

வருஷத்துக்கு ஒரு தடவை போடற ஃப்ளூ தடுப்பூசியும், டாக்டர் சொல்றப்ப போடற நிமோனியா தடுப்பூசியும் இவங்களுக்கு அவசியம். எங்கே போடலாம், என்ன செலவாகும்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சுக்கோ.

8. எடை குறையுதான்னு பாரு

மூச்சு விடறதுக்கே இவங்களுக்கு நிறைய சக்தி செலவாகுது. வயிறு முட்டச் சாப்பிட்டா மூச்சு இன்னும் முட்டும். அதனால மூணு வேளையை அஞ்சு வேளையாப் பிரிச்சுக் கொடு. கேழ்வரகுக் கூழ், முட்டை, பருப்பு, சுண்டல், மல்லாட்டை உருண்டை நல்லது. உருண்டைக்கு சர்க்கரை நோயாளிங்க டாக்டரைக் கேட்டுக்கணும். மாசம் ஒரு தடவை எடை பார்த்து நோட்டுல எழுது. முயற்சி பண்ணாமலே எடை இறங்கினா டாக்டர்கிட்ட சொல்லு.

9. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு ஒரு தாள் எழுதி வாங்கு

நல்ல நாள்ல போனதோட முழுப் பலன் இந்தத் தாள்தான். டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கி, சமையல்கட்டுச் சுவத்துல ஒட்டு.

பச்சை: எப்பவும் போல இருமல், எப்பவும் போல நடை. தினசரி மருந்து மட்டும்.

மஞ்சள்: சளி கூடுது, மஞ்சளாவோ பச்சையாவோ மாறுது, வழக்கத்தை விட மூச்சு வாங்குது. அவசர பம்ப் எத்தனை பஃப், எத்தனை மணிக்கு ஒரு தடவைன்னு டாக்டர் எழுதினபடி கொடுக்கணும். அன்னைக்கோ மறுநாளோ பி.எச்.சி. போகணும். இழுப்பு வர்ற வரைக்கும் பொறுத்துப் பார்க்காதே.

சிவப்பு: ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியல, உதடும் நகமும் நீலம் பாயுது, குழப்பமாப் பேசறாங்க, அசாதாரணமாத் தூங்கி வழியறாங்க. உடனே 108.

ஆம்புலன்ஸ் வந்ததும் "சி.ஓ.பி.டி. இருக்கு"ன்னு முதல் வார்த்தையாச் சொல்லு. இவங்களுக்கு ஆக்சிஜன் அளவு பொதுவா 88-லிருந்து 92-க்குள்ள இருந்தா போதும். அதுக்கு மேல ஏத்தினா ரத்தத்துல கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம். வீட்டுல சிலிண்டரோ மெஷினோ வாங்கி நீயா ஆக்சிஜன் வைக்கவே கூடாது. பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தா நல்ல நாள்ல எவ்வளவு காட்டுதுன்னு எழுதி வை, முடியாத நாள்ல அதோட ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அட்மிட் ஆகி வீட்டுக்கு வந்தா, டிஸ்சார்ஜ் சீட்டோட ஒரு மாசத்துக்குள்ள பி.எச்.சி.யில காட்டியே ஆகணும். அடுத்த இழுப்பு வர்றதுக்கு வாய்ப்பு அதிகமா இருக்கிறது அந்த நாள்கள்லதான்.

10. வீடு தேடி வர்றவங்ககிட்ட மூச்சைப் பத்தியும் பேசு

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் இப்ப நம்ம தெரு வரைக்கும் வருது. பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறாங்க, தேவைப்படறவங்களுக்கு பிசியோதெரபியும் இருக்கு. அவங்க வந்தா "இவருக்கு மூச்சு வாங்குது, நோட்டுல எழுதிக்கோங்க"ன்னு சொல்லு. எவ்வளவு மூச்சு வாங்குதுன்னு சொல்ல அஞ்சு படி இருக்கு: கடுமையா உழைச்சா மட்டும், வேகமா நடந்தாலோ மேடு ஏறினாலோ, ஒத்த வயசுக்காரங்களோட நடக்க முடியாம பின்தங்குறது, நூறு மீட்டருக்கு ஒரு தடவை நிக்கிறது, துணி மாத்தவே மூச்சு வாங்குறது. எந்தப் படின்னு மாசாமாசம் எழுதினா ஏறுதா இறங்குதான்னு டாக்டருக்கு ஒரு பார்வையில தெரியும். பிசியோ வந்தா மூச்சுப் பயிற்சி சொல்லித் தரச் சொல்லு.

11. நம்ம ஊருக்காகவும் கேளு

நுரையீரல் நோயை வீட்டுல வெச்சே பார்த்துக்கலாம்னு உலகத்துக்குக் காட்டினது நம்ம சென்னைதான். காசநோய்க்காரங்களை சானடோரியத்துல மாசக்கணக்கா வெச்சிருந்த காலத்துல, 1956-ல சேத்துப்பட்டுல ஓர் ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. வீட்டுல இருந்தே மருந்து சாப்பிட்டவங்களும் சானடோரியத்துல இருந்தவங்க அளவுக்கே குணமானாங்கன்னு 1959-ல முடிவு வந்தது. உலகமே அந்த வழியை எடுத்துக்கிச்சு. 2022-ல தமிழ்நாடு தொடங்கின காசநோய் இறப்பில்லா திட்டத்துல, நோய் தெரிஞ்ச உடனேயே எடை, ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், தானா எழுந்து நிக்க முடியுதாங்கிறதைப் பார்த்து, ஆபத்துல இருக்கிறவங்களைப் பிரிச்சு உடனே அட்மிட் பண்றாங்க. எடை மெஷினும் விரல்ல மாட்டுற மீட்டரும் கையில இருந்தாலே எத்தனை உயிரைக் காப்பாத்த முடியுதுன்னு பாரு. சி.ஓ.பி.டி.க்காரங்களுக்கும் அதே அக்கறையைக் கேட்க நமக்கு உரிமை இருக்கு. மத்திய அரசோட தொற்றா நோய்த் திட்டத்துலயும் பி.பி., சுகரோட சி.ஓ.பி.டி.யும் ஆஸ்துமாவும் சேர்ந்துதான் இருக்கு.

அதனால கிராம சபை கூடற ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி நாள்ல மகளிர் குழுப் பெண்களோட எழுந்து நின்னு நாலு விஷயம் கேளு. நம்ம பி.எச்.சி.யில தினசரி பம்பும் ஸ்பேசரும் எப்பவும் இருப்பு இருக்கணும். மாசத்துல ஒரு நாள் மூச்சு நோய்க்காரங்களை மட்டும் நிதானமாப் பார்க்கணும். பம்ப் பிடிக்கிறதைச் சொல்லித் தர ஒரு சிஸ்டருக்குப் பயிற்சி கொடுக்கணும். ஊதிப் பார்க்கிற மெஷின் வட்டாரத்துக்கு ஒண்ணாவது வேணும். நீ கேட்கிறதை மனுவா எழுதிக் கொடுத்து, தீர்மானத்துல சேர்க்கச் சொல்லு. பி.பி. மாத்திரை வீட்டு வாசலுக்கு வர்ற மாநிலத்துல மூச்சுக்கும் அந்த கவனம் கிடைக்கும். கேட்கிற குரல் அதிகமாகணும், அவ்வளவுதான். இந்த வாரமே ஒரு நல்ல நாள் பார்த்து, பழைய சீட்டையும் பம்பையும் பையில போட்டுக்கிட்டு அப்பாவை பி.எச்.சி.க்குக் கூட்டிப் போ, தங்கச்சி.